குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்: இயேசு எதைத் தடுத்தார், எதைத் தடுக்கவில்லை

வேதாகமத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களுக்கும் அதிலுள்ள சில வசனங்கள் தெரிந்திருக்கும். அவற்றில் ஒன்று மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம்: "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." பேச்சு வழக்கில் இது "யாரையும் நியாயந்தீர்க்காதே" என்று சுருங்கிவிட்டது. சுருங்கிய அந்த வடிவத்தைத் தவறு செய்து அகப்பட்டவர், தம்மைக் கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க எடுத்துக்கொள்கிறார். நாள்தோறும் பிறரைக் குறைகூறியே பழகியவரோ, "நான் நியாயந்தீர்க்கவில்லை, சத்தியத்தைத்தான் சொல்கிறேன்" என்று ஒரு முன்னுரையைச் சேர்த்துக்கொண்டு தம் வழக்கத்தைத் தொடர்கிறார். முன்னவர் வசனத்தைக் கேடயமாக்குகிறார். பின்னவர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். இருவருமே அதற்கு அடுத்த நான்கு வசனங்களை வாசித்ததாகத் தெரியவில்லை.

சரி எது, தவறு எது என்று சொல்லவே கூடாது என்று இந்தப் போதனை கட்டளையிடுகிறதா? இல்லையென்றால், அது தடுப்பதுதான் எது? கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் புதியவர்களும் வெளியிலிருந்து பார்ப்பவர்களும் விளங்கிக்கொள்ளும்படி இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

வசனம் நிற்கும் இடம்

மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்கள், இயேசு தம் சீஷர்களுக்கு மலைமேல் அமர்ந்து போதித்தவற்றின் தொகுப்பு. அதனால் அதற்கு மலைப்பிரசங்கம் என்று பெயர். நம் வசனம் அதன் கடைசிப் பகுதியில் வருகிறது. அதற்கு முந்தைய அதிகாரம், மனிதர் காணவேண்டும் என்பதற்காகத் தர்மம் செய்வதையும், தெருச்சந்திகளில் நின்று ஜெபிப்பதையும், முகத்தை வாடவைத்துக்கொண்டு உபவாசிப்பதையும் கண்டிக்கிறது. பக்தியை வேஷமாக்குகிறவர்களை இயேசு அங்கே மாயக்காரர் என்று அழைக்கிறார். 7-ஆம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்திலும் அதே சொல் திரும்ப வருகிறது. ஆகவே, பிறரைத் தீர்ப்பது பற்றிய இந்தப் போதனை அதே மாயக்காரத்தைப் பற்றிய பேச்சின் தொடர்ச்சியாகவே வாசிக்கப்பட வேண்டும்.

அடுத்து வருவதையும் பார்க்க வேண்டும். ஆறாம் வசனம், பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடாதிருக்கவும் முத்துகளைப் பன்றிகள் முன் போடாதிருக்கவும் சொல்கிறது. பதினைந்தாம் வசனம், ஆட்டுத்தோல் போர்த்துக்கொண்டு வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறது; அடுத்த வசனம் "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்" என்றும் சேர்க்கிறது. யார் எப்படிப்பட்டவர் என்று எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதுதான் முதல் வசனத்தின் பொருளென்றால், அதே அதிகாரத்திலுள்ள இந்தக் கட்டளைகளை எவராலும் நிறைவேற்ற முடியாது. யோவான் 7:24-இல் இயேசு இன்னும் வெளிப்படையாகவே, தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யச் சொல்கிறார். அங்கே கட்டளையே தீர்ப்புச் செய்யுங்கள் என்பதுதான்.

விடைத்தாளும் மாணவனும்

ஓர் ஆசிரியை விடைத்தாள் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கின் விடை தவறாக இருக்கிறது. சிவப்பு மையால் தவறு என்று குறிக்கிறார். அது அவருடைய கடமை. மனம் இளகி அதைச் சரி என்று குறித்தால், அது அந்த மாணவனுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அதே ஆசிரியை தாளின் அடியில் "இவன் உருப்படமாட்டான்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அந்த ஒரு வரியில் அவர் மூன்று எல்லைகளைத் தாண்டிவிடுகிறார். ஒரு மாணவனின் வாழ்வை முடிவுகட்டும் அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவன் ஏன் அந்தக் கணக்கைத் தவறவிட்டான், முந்தைய இரவு அவன் வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவன் காலமும் இன்னும் முடிந்துவிடவில்லை.

தவறு என்று குறித்ததை நிதானித்தல் என்போம்: ஒரு செயலையோ போதனையையோ ஆராய்ந்து, அது நல்லதா கெட்டதா என்று பிரித்தறிவது. அடியில் எழுதிய வரியைத் தீர்த்தல் என்போம்: ஒரு மனிதரை இன்னார் என்று முடிவுகட்டி, அவர் கணக்கை மூடிவிடுவது. புதிய ஏற்பாடு முதலாவதைக் கேட்கிறது, இரண்டாவதைத் தடுக்கிறது. தடுப்பதற்கு அது தரும் காரணங்களும் ஆசிரியை தாண்டிய அந்த மூன்று எல்லைகளோடு பொருந்துகின்றன.

அதிகாரத்தைப் பற்றி, தொடக்ககாலச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதுகையில், மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்க நீ யார், அவன் நின்றாலும் விழுந்தாலும் அவனுடைய எஜமானே அவனுக்கு உத்தரவாளி என்கிறார் (14:4). யாக்கோபும் இரட்சிக்கவும் அழிக்கவும் வல்லவர் ஒருவரே என்று சொல்லி, அதே கேள்வியை எழுப்புகிறார் (4:12).

அறிவைப் பற்றிய காரணம் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. புதிய ராஜாவை அபிஷேகம்பண்ண ஈசாயின் வீட்டுக்குப் போன சாமுவேல், மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு இவனே அவன் என்று எண்ணிவிட்டார். மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்ற வார்த்தை அப்போது அவருக்கு வந்தது (1 சாமுவேல் 16:7). கைதேர்ந்த ஒரு தீர்க்கதரிசியே தோற்றத்தைக் கண்டு தடுமாறினார் என்பதும், இங்கே அவர் தவறியது ஒருவரை நல்லவர் என்று கருதியதில்தான் என்பதும் கவனிக்க வேண்டியவை. அவசர முடிவு புகழ்ச்சியாக இருந்தாலும் அவசர முடிவுதான்.

காலத்தைப் பற்றிய காரணம் கோதுமையும் களையும் பற்றிய உவமையில் வருகிறது (மத்தேயு 13). வேலைக்காரர் உடனே களையைப் பிடுங்கத் துடிக்கிறார்கள். பிடுங்கினால் கோதுமையும் கூடவே வந்துவிடும் என்று எஜமான் அறுப்புமட்டும் பொறுக்கச் சொல்கிறார். அந்த அறுப்பு, நியாயத்தீர்ப்பைக் குறிக்கிறது: காலத்தின் முடிவில் எல்லா மனிதரையும் கடவுள் விசாரித்து வழங்கும் கடைசித் தீர்ப்பு என்று கிறிஸ்தவர்கள் நம்புவது. "கர்த்தர் வருமளவும் காலத்துக்குமுன்னே" தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று பவுல் சொல்வதும் (1 கொரிந்தியர் 4:5) இதையே.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். செயலை எடைபோடுவது தடுக்கப்படவில்லை. மனிதரின் கணக்கை மூடுவது தடுக்கப்படுகிறது. ஏனெனில் தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் அமர்வதற்கான அதிகாரமும் அறிவும் நமக்கு இல்லை, அதற்கான நேரமும் வந்துவிடவில்லை.

உத்திரமும் துரும்பும்

மூன்றாம் வசனத்திலிருந்து இயேசு ஒரு காட்சியை வரைகிறார். ஒருவன் தன் சகோதரனின் கண்ணில் துரும்பு இருப்பதைப் பார்க்கிறான்; அதை எடுத்துப்போடுகிறேன், வா என்று அழைக்கிறான். அவன் கண்ணிலோ உத்திரம் இருக்கிறது. உத்திரம் என்பது கூரையைத் தாங்கும் பருத்த மரம். நாசரேத்தில் தச்சன் என்று அறியப்பட்டவர் (மாற்கு 6:3) சொன்ன வார்த்தை இது என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால், மரத்தூளும் மரமும் எப்படி இருக்கும் என்று அவர் கைக்கே தெரிந்திருக்கும் என்பது புரியும். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். முகத்துக்கு முன்னால் உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவன், மற்றவன் கண்ணுக்கு அருகே குனிய முயல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். கிட்டே போகவே முடியாது, போனாலும் இடித்துக் காயப்படுத்துவான்.

இந்தக் காட்சியைப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உன் கண்ணிலேயே உத்திரம் இருக்கிறது, ஆகையால் பேசாமல் இரு என்று இயேசு முடிக்கவில்லை. "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்" என்று முடிக்கிறார். துரும்பு உண்மையிலேயே இருக்கிறது. அது வலிக்கிறது. அதை எடுக்கவும் வேண்டும். இங்கே கட்டளையிடப்படுவது ஒரு வரிசை: முதலில் தன்னிடத்தில், பிறகு பிறரிடத்தில். கண்ணில் விழுந்த தூசியைத் தானே எடுத்துக்கொள்வது கடினம். இன்னொருவரின் உதவி வேண்டும். உதவுகிறவருக்குக் கூர்மையான பார்வையும் மென்மையான விரலும் தேவை, கண் அத்தனை மெல்லிய உறுப்பு.

அளவைப் பற்றியும் ஒரு சொல். உத்திரம் பெரியது, துரும்பு சிறியது என்பதால், கண்டிப்பவரின் பாவம் எப்போதும் மற்றவரின் பாவத்தைவிடப் பெரியது என்று இயேசு சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. என் குற்றம் எனக்கு மிக அருகில் இருப்பதால் அது என் பார்வை முழுவதையும் மறைக்கிறது. எவ்வளவு மறைக்கிறது என்பதை நேரில் காட்டும் ஒரு நிகழ்ச்சி பழைய ஏற்பாட்டில் இருக்கிறது.

தாவீது சொன்ன தீர்ப்பு

தாவீது ராஜா, தன் படைவீரன் உரியாவின் மனைவியாகிய பத்சேபாளைத் தன்னிடம் வரவழைத்தான். அவள் கருவுற்றதும், செய்தியை மறைக்க உரியாவைப் போர்முனையின் கடுமையான இடத்தில் நிறுத்திச் சாகவைத்தான். பிறகு அவளை மணந்துகொண்டான். அதன்பின் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி ராஜாவிடம் வந்து, ஒரு வழக்கைச் சொல்வதுபோல ஒரு கதை சொல்கிறார் (2 சாமுவேல் 12).

ஒரே பட்டணத்தில் இரண்டு பேர். ஐசுவரியவானுக்கு ஆடுமாடுகள் வெகு திரள். தரித்திரனுக்கோ அவன் விலைகொடுத்து வாங்கிய ஒரே ஒரு சின்ன ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் வாயின் அப்பத்தைத் தின்றது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்துக்கொண்டது. ஐசுவரியவான் வீட்டுக்கு ஒரு வழிப்போக்கன் வந்தபோது, அவன் தன் மந்தையைத் தொட மனமில்லாமல் தரித்திரனின் ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமையல் பண்ணிவிட்டான்.

தாவீது கொதித்தெழுகிறான். அந்த மனுஷன் மரணத்திற்குப் பாத்திரன் என்கிறான். ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்றும் சேர்க்கிறான். இந்த இரண்டு தண்டனைகளையும் சட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். திருடிய ஆட்டைக் கொன்றால் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22:1-இல் உள்ள விதி. ஆனால் ஆடு திருடியதற்கு மரணதண்டனை அந்தச் சட்டத்தில் இல்லை. ராஜா சட்டத்துக்கும் மேலே போய்விட்டான். பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைச் சாகவைத்த ஒருவன், ஓர் ஆட்டுக்காக ஒரு மனிதன் சாகவேண்டும் என்கிறான். உத்திரம் பார்வையைக் கெடுக்கும் விதம் இதுதான்: துரும்பு கண்ணுக்குத் தப்புவதில்லை, அதன் அளவுதான் பெருத்துத் தெரிகிறது. தன்னிடம் அடக்கிவைத்திருக்கும் குற்றத்தின் மீதுள்ள கோபம் எல்லாம் வேறொருவன் தலையில் இறங்குகிறது.

"நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். இதே நிகழ்ச்சியில் நாத்தானின் பங்கையும் கவனிக்காவிட்டால் பாடம் பாதியாகிவிடும். அவர் பேசாமல் இருக்கவில்லை. ராஜாவின் பாவத்தைப் பெயர்சொல்லி முகத்துக்கு நேரே சொன்னார், அதனால் தம் உயிருக்கே ஆபத்து வரக்கூடும் என்ற நிலையில். அவர் நோக்கம் தாவீதை அழிப்பதாக இருக்கவில்லை. நான் பாவஞ்செய்தேன் என்று தாவீது ஒப்புக்கொண்டவுடன், நீ சாகாதபடிக்குக் கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று அறிவிக்கிறவரும் அவரே. விளைவுகள் பின்தொடர்ந்தன, ஆனால் கணக்கு மூடப்படவில்லை. மலைப்பிரசங்கம் தடுக்கும் தீர்ப்பைத் தாவீதும், அது கேட்கும் கண்டிப்பை நாத்தானும் ஒரே அறையில் நின்று செய்து காட்டுகிறார்கள்.

நீங்கள் அளக்கிற அளவு

"நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்" என்பது இரண்டாம் வசனத்தின் பிற்பகுதி. தானியம் அளக்கும் மரக்கால் அதன் பின்னணி. இந்தக் கருத்து இயேசுவின் காலத்து யூதர்களுக்குப் புதியதல்ல. மனிதன் எந்த அளவால் அளக்கிறானோ அதே அளவால் அவனுக்கு அளக்கப்படும் என்னும் வாக்கு யூத மரபின் பழைய தொகுப்பான மிஷ்னாவிலும் இருக்கிறது.

இதைப் பழிக்குப் பழி என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் மத்தேயு 18-இல் வரும் உவமை இதன் உட்பொருளைத் தெளிவாக்குகிறது. ஒரு ராஜா தன் வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனை மன்னிக்கிறார். அவனோ வெளியே போனவுடன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் அவனுக்கு மன்னிக்கப்பட்டது 6 கோடி நாட்களின் கூலி. அவன் மன்னிக்க மறுத்தது 100 நாட்களின் கூலி. ஒன்று மற்றதைப்போல 6 லட்சம் மடங்கு. இரக்கம் என்னும் மரக்காலால் பெற்றுக்கொண்டவன், சட்டம் என்னும் மரக்காலைக் கையிலெடுத்தான். ராஜாவும் பிறகு அதே மரக்காலைக் கையிலெடுத்தார். எந்தச் சட்டத்தின் கீழ் நிற்க விரும்புகிறோம் என்பதைப் பிறரை நடத்தும் விதத்தால் நாமே எழுதிக்கொடுக்கிறோம் என்பதுதான் இங்குள்ள எச்சரிக்கை.

லூக்கா 6:38-இல் இதே வாக்கியம் அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி கொடுப்பதைப் பற்றிய வாக்குறுதியோடு வருகிறது. ஆக, அளவு என்பது மிரட்டல் மட்டுமல்ல. தாராளமாய் அளக்கிறவனுக்குத் தாராளம் என்பதும் அதே விதியின் மறுபக்கம்.

கல்லெறியும் காட்சி

இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் தவறாமல் எடுக்கும் இன்னொரு பகுதி யோவான் 8-இன் தொடக்கம். விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நடுவே நிறுத்துகிறார்கள். இவளைக் கல்லெறிய வேண்டும் என்கிறது மோசேயின் சட்டம், நீர் என்ன சொல்கிறீர் என்று கேட்கிறார்கள். அவர்மேல் குற்றஞ்சாட்ட ஒரு முகாந்தரம் தேடியே இப்படிக் கேட்டார்கள் என்று எழுதியவரே சொல்லிவிடுகிறார். சட்டமோ இருவரையும் குறிப்பிடுகிறது (லேவியராகமம் 20:10); கையும் மெய்யுமாகப் பிடித்தவர்கள் ஆணை எங்கே விட்டுவிட்டார்கள்? நீதியின் பெயரால் நடந்த அந்த விசாரணை முதலடியிலேயே கோணலாகிவிட்டது.

இயேசு குனிந்து விரலால் தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்பது சொல்லப்படவில்லை. யூகிப்பவர்கள் நிறையப்பேர், நாம் அந்தப் பக்கம் போகவேண்டாம். "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்ற அவருடைய பதிலில் 'முதலாவது' என்ற சொல் தற்செயலாக விழுந்ததல்ல. மரணதண்டனையில் சாட்சிகளின் கையே முந்த வேண்டும் என்பது உபாகமம் 17:7. சாட்சி சொல்கிறவன் தானே முதலில் கையை உயர்த்தவேண்டும் என்ற அந்தச் சுமையை அவர்கள் தோளில் வைக்கிறார் இயேசு. பெரியோர் முதல் சிறியோர் வரை ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள்.

இறுதியில் அவர் அவளிடம் சொல்வது இரண்டு வாக்கியங்கள்: நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே. முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு, இரண்டாவதை மட்டும் காட்டுகிறவர்களும் உண்டு. பாவத்தைப் பாவம் என்று சொல்வது நிதானித்தல். அவளை அந்தப் பாவத்தோடு முடித்துவிட மறுப்பது தீர்க்காதிருத்தல். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

கண்டிப்பது அன்பின் பகுதி

"உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளையைப் பலரும் அறிவார்கள். அது முதலில் வரும் இடம் லேவியராகமம் 19:18. அதற்கு முந்தைய வசனம், உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள் என்கிறது. மனதுக்குள் பகையை வைத்துக்கொண்டு வெளியே புன்னகைப்பதைவிட நேரில் சொல்லிவிடுவது அன்புக்கு நெருக்கமானது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்பதற்கு இயேசு மத்தேயு 18-இல் படிகளை வகுக்கிறார். சகோதரன் குற்றஞ்செய்தால், முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல். கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குத் தெரியப்படுத்து. நடைமுறையில் இந்த ஏணி தலைகீழாகத்தான் ஏறப்படுகிறது: செய்தி முதலில் சபை முழுவதுக்கும் போய்ச் சேரும், சம்பந்தப்பட்டவர் காதுக்குக் கடைசியில் வரும். தவறிய ஒருவரைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்லும் பவுல், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்றும் கூட்டுகிறார் (கலாத்தியர் 6:1). உத்திரம் இங்கே வேறு வார்த்தைகளில் திரும்ப வருகிறது.

எல்லாவற்றையும் தனியே பேச வேண்டுமா? அந்தியோகியா பட்டணத்தில் இயேசுவின் சீஷர் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்து, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்தார் (கலாத்தியர் 2). குற்றம் பொதுவெளியில் நடந்தது, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. ஆகவே கண்டிப்பும் பொதுவெளியில் நடந்தது.

மேலும், எல்லாமே கண்டிக்க வேண்டிய குற்றங்கள் அல்ல. ரோமாபுரியின் சபையில் சிலர் இறைச்சி உண்டனர், சிலர் மரக்கறி மட்டும் உண்டனர். சிலர் சில நாட்களை விசேஷமாக எண்ணினர், சிலர் எல்லா நாட்களையும் சமமாக எண்ணினர். இவற்றில் ஒருவரையொருவர் தீர்க்காதிருங்கள் என்று ரோமர் 14 சொல்கிறது. கொரிந்துவில், ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்ததைச் சபை பொறுத்துக்கொண்டபோது, அதே பவுல் கடுமையாகத் தலையிடுகிறார். உள்ளே இருக்கிறவர்களைக் குறித்து நீங்கள் தீர்ப்புச் செய்ய வேண்டும், புறம்பே இருக்கிறவர்களைக் குறித்துத் தேவனே தீர்ப்புச் செய்வார் என்கிறார் (1 கொரிந்தியர் 5). அதாவது சபைக்குள் நடப்பதற்குச் சபை பொறுப்பேற்க வேண்டும். வெளியிலிருப்பவர்களைத் தீர்ப்பது அதன் வேலையல்ல. வெளியாரை நோக்கி விரல் நீட்டுவதில் காட்டும் சுறுசுறுப்பைச் சபைகள் உள்ளே காட்டுவதில்லை என்ற குறை எழும்போதெல்லாம், அது பவுலின் குறையும்கூட என்பதை நினைவில் வைக்கலாம்.

சுருங்கச் சொன்னால், கண்டிப்பதற்கு முன் கேட்கவேண்டியவை மூன்று: இது உண்மையில் குற்றமா, அல்லது பழக்கவழக்க வேறுபாடா? இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறதா? என் நோக்கம் அவரைச் சீர்பொருந்தப்பண்ணுவதா?

பின்வந்தவர்கள் இதை எப்படி விளங்கிக்கொண்டார்கள்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடையே வழங்கிய ஒரு நிகழ்ச்சி இன்றும் சொல்லப்படுகிறது. தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூட்டம் கூடியது. கொள்ளைக்காரனாயிருந்து துறவியான மோசே என்பவரையும் அழைத்தார்கள். அவர் ஓட்டையுள்ள ஒரு கூடையில் மணலை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வந்தார். என் பாவங்கள் எனக்குப் பின்னால் சிந்திக்கொண்டே வருகின்றன, அவற்றை நான் காண்பதில்லை. இன்று இன்னொருவனின் பிழையைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்றார். கூடியிருந்தவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

மலைப்பிரசங்கத்துக்கு விளக்கம் எழுதிய ஆயர் அகுஸ்தீன் (354–430) இரண்டு இடங்களில் எச்சரிக்கையாயிருக்கச் சொன்னார்: ஒரு செயல் எந்த மனதோடு செய்யப்பட்டது என்று தெரியாதபோது, இப்போது நல்லவராகவோ கெட்டவராகவோ தோன்றுகிறவர் பின்னால் எப்படி ஆவார் என்று தெரியாதபோது. முன்னே பார்த்த அறிவும் காலமும்தான் இவை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) தீர்ப்பு நேர்மையானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் வைத்தார்: அது நீதியின் மேலுள்ள நாட்டத்திலிருந்து பிறக்க வேண்டும், அதிகாரம் பெற்றவரிடமிருந்து வர வேண்டும், விவேகத்தோடு ஆராய்ந்து சொல்லப்பட வேண்டும். மூன்றாவது இல்லாமல், வெறும் சந்தேகத்தின் பேரில் மனதுக்குள் ஒருவரைக் குற்றவாளியாக்குவதற்கு அவசரத் தீர்ப்பு என்று பெயர். வாயைத் திறக்காமலேயே இந்தப் பாவத்தைச் செய்துவிடலாம் என்பதால்தான் அது தனியாகக் குறிப்பிடப்படுகிறது. நல்லவர் ஒருவரை ஒருமுறை தீயவராக எண்ணித் தவறுவதைவிட, தீயவர் ஒருவரைப் பலமுறை நல்லவராக எண்ணித் தவறுவது மேல், ஏனெனில் முன்னதில்தான் ஒருவருக்கு அநியாயம் நேர்கிறது என்பதும் அக்குவினாஸின் வாதம்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளைக்கு விளக்கம் தரும்போது, அயலானைப் பற்றி நல்லதைப் பேசி, அவன் செய்ததையெல்லாம் நல்ல விதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் அவசரத் தீர்ப்பை இதே கட்டளையின் கீழேதான் வைக்கிறது. பல விஷயங்களில் முரண்படும் மரபுகள் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசுகின்றன.

வசனம் ஆயுதமாகும்போது

இனி, கடினமான ஒரு பகுதி. சபைக்குள் ஒருவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார், அல்லது துன்புறுத்தப்பட்டிருக்கிறார். செய்தவர் பொறுப்பில் உள்ளவர். பாதிக்கப்பட்டவர் வாய்திறந்தவுடன், நியாயந்தீர்க்காதே, மன்னித்துவிடு என்ற அறிவுரை வந்துவிழுகிறது. இந்தப் போதனைக்கு நேரும் மிக மோசமான திரிபு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

நடந்ததை நடந்தபடி சொல்வது தீர்ப்பு அல்ல, சாட்சி. சபையை நடத்தும் மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்று விசாரிக்கவும், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும், பட்சபாதத்தோடு எதையும் செய்யாதிருக்கவும் 1 தீமோத்தேயு 5:19–21 வழிசொல்கிறது. இன்றைய சொற்களில், அது ஒரு விசாரணை நடைமுறை. நாட்டின் நீதிமன்றம், காவல்துறை ஆகியவற்றின் பணியையும் மலைப்பிரசங்கம் ரத்து செய்வதாகப் பெரும்பாலான கிறிஸ்தவ மரபுகள் கருதுவதில்லை; ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயைப் போன்ற சிலர் அது நீதிமன்றங்களையே விலக்குகிறது என்று வாதிட்டதுண்டு, ஆனால் அது சிறுபான்மைக் கருத்து. அதிகாரம் பெற்றவர், சாட்சியங்களை ஆராய்ந்து, ஒரு செயலுக்குப் பொறுப்புச் சுமத்துவது, மேலே பார்த்த மூன்று எல்லைகளுக்குள்ளேயே நிற்கிறது. குற்றவாளி என்று நிரூபிக்கப்பட்டவரின் நித்திய முடிவைப் பற்றி அந்த மன்றம் எதுவும் சொல்வதில்லை. சிறைக்குப் போனவருக்கும் மனந்திரும்புதலின் கதவு திறந்தே இருக்கிறது; அதற்காக அவரைச் சிறைக்கு அனுப்பாமல் இருக்க வேண்டியதில்லை.

தன்னைத்தானே தீர்ப்பது

கடைசியாக, பெரும்பாலும் பேசப்படாத ஒன்று. உத்திரத்தைப் பற்றிய போதனையைக் கேட்டுப் பயந்துபோய், பிறரை விட்டுவிட்டுத் தம்மையே இரவும் பகலும் விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் உண்டு. செய்த தவறைப் பற்றி வருந்துவதோடு நில்லாமல், நான் உருப்படமாட்டேன் என்று தம் தாளின் அடியிலும் எழுதிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பவுலின் ஒரு வாக்கியம் வியப்பளிக்கலாம். நீங்களோ மனுஷருடைய நியாயாசனமோ என்னைக்குறித்துச் சொல்லும் தீர்ப்பு எனக்கு மிகவும் அற்பம் என்று கொரிந்தியருக்கு எழுதும் அவர், "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை" என்று தொடர்கிறார் (1 கொரிந்தியர் 4:3). என்னிடத்தில் யாதொரு குற்றத்தையும் நான் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை, என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே என்கிறது அடுத்த வசனம்.

தன்னைச் சோதித்து அறியும்படி மற்ற இடங்களில் சொல்கிறவரும் இதே பவுல்தான் (1 கொரிந்தியர் 11:28). சோதித்தறிவது நிதானித்தல், அதைத் தன்னிடத்திலும் செய்ய வேண்டும். முடிவுகட்டுவதற்கோ, தன் விஷயத்திலும்கூடத் தனக்கு அதிகாரமில்லை என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார். அந்த ஆசனம் நிரம்பியிருக்கிறது என்பது அவருக்குப் பயத்தைவிட ஆறுதலையே அதிகம் தந்ததாகத் தெரிகிறது. ஏனெனில் அங்கே அமர்ந்திருக்கிறவர், இருளில் மறைந்திருக்கிறவைகளை வெளியரங்கமாக்கும் அந்த நாளில் "அவனவனுக்குரிய புகழ்ச்சி தேவனால் உண்டாகும்" என்றே அந்தப் பத்தியை அவர் முடிக்கிறார்.